மரமும் கிளையும்: பொருள்நோக்கு நிரலாக்கத்தில் மரபுரிமத்தின் மர வரைவு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பொருள்நோக்கு நிரலாக்கத்தில் வகுப்புகளுக்கு இடையிலான மரபுரிம உறவு பெரும்பாலும் தலைகீழ் மரமாக வரையப்படுகிறது. அறிமுக நூல்கள் இவ்வடிவத்தை அவ்வுறவின் இயல்பாகவே கொண்டு கற்பிக்கின்றன. மரம் அவ்வுறவை எழுதிக்காட்டும் முறைகளுள் ஒன்றேயன்றி உறவின் இயல்பு அன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தொல்காப்பிய மரபியலின் அறிவுநிலைப் பாகுபாடு, பெயரியல் கூறும் விரவுப்பெயர், நன்னூல் கூறும் வினையாலணையும் பெயர் ஆகிய மூன்றும் வகுப்புகளாக மாற்றப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. முதலாவது சங்கிலியாகவும், இரண்டாவது ஒன்றன்மேல் ஒன்று படியும் வட்டங்களாகவும், மூன்றாவது சாய்சதுரமாகவும் அமைந்து மர வடிவத்தின் எல்லைகளைக் காட்டுகின்றன. மரபுரிமம் தொடர்பான தமிழ்க் கலைச்சொற்கள் இவ்வெல்லைகளை எவ்வாறு மறைக்கின்றன என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பொருள்நோக்கு நிரலாக்கம், மரபுரிமம், மரத் தரவமைப்பு, விரவுப்பெயர், வினையாலணையும் பெயர், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

ஒரு வகுப்பின் பண்புகளையும் செயற்கூறுகளையும் மற்றொரு வகுப்பு பெற்றுக்கொண்டு, அவற்றோடு தனக்குரியவற்றைச் சேர்த்துக்கொள்வதே மரபுரிமம் எனப்படுகிறது. விலங்கு என்னும் வகுப்பு மேலே நிற்க, நாயும் பூனையும் அதன் கீழ் இரு கிளைகளாகப் பிரியும் படம் அறிமுக நூல்களில் பரவலாகக் காணப்படுவதாகும். வேர் மேலேயும் இலைகள் கீழேயும் அமைந்த இப்படம் கற்பதற்கு எளியது. எனினும் படத்தின் எளிமை பொருளின் எளிமையாகக் கொள்ளப்படும்போது இடர் தோன்றுகிறது. தமிழ்ச் சொற்களை வகைப்படுத்தும் கணினிக் கருவிகளை உருவாக்க முனைவோர்க்கு இவ்விடர் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. வகைப்பாட்டின் வடிவம் தவறாகத் தேர்ந்துகொள்ளப்படின், இலக்கணம் ஏற்கும் தொடரைக் கருவி பிழையெனத் தள்ளும். ஆகவே மர வடிவத்தின் தகுதியும் தகுதியின்மையும் தமிழ் ஆய்வுக்குள் வைத்து நோக்கத்தக்கன.

1. மரம் என்னும் உருவகத்தின் வரலாறு

வகுப்பு, கீழ்வகுப்பு என்னும் கருத்துகளை நிரலாக்க மொழியொன்றில் முதன்முதலாக அமைத்தவர்கள் நார்வே நாட்டைச் சேர்ந்த ஓலே-யோஹன் டால், கிறிஸ்டன் நைகார்ட் ஆகியோர். ஓஸ்லோவிலுள்ள நார்வேக் கணிப்பு மையத்தில் அவர்கள் உருவாக்கிய சிமுலா 67 என்னும் மொழியில் இவை இடம்பெற்றன. அம்மொழியில் ஒரு வகுப்பை விரித்து மற்றொன்றை அமைக்க விரும்புவோர், புதிய வகுப்பின் அறிவிப்புக்கு முன்னால் பழைய வகுப்பின் பெயரை எழுதுவர். இம்முறை முன்னொட்டு எனும் பொருள்படும் சொல்லாலேயே குறிக்கப்பட்டது. அதாவது, பின்னாளில் குடும்ப உறவாகவும் சொத்துரிமையாகவும் உருவகிக்கப்பட்ட இக்கருத்து, தொடக்கத்தில் சொல்லிலக்கண உருவகம் ஒன்றையே தாங்கியிருந்தது. ஒரு பகுதியின் முன் மற்றொன்று ஒட்டிக்கொள்ளும் நிகழ்வில் தாயும் இல்லை, சேயும் இல்லை.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவான ஸ்மால்டாக்-80 மொழியில் எல்லா வகுப்புகளும் 'ஆப்ஜெக்ட்' என்னும் ஒரே வேரின் கீழ் அடங்கின. ஜாவா மொழியும் அவ்வழியையே பின்பற்றியது. வேர் வகுப்பைத் தவிர ஏனைய ஒவ்வொன்றுக்கும் நேர் மேல்வகுப்பு ஒன்றே உண்டு என்பது அதன் விதி. இதற்கு மாறாக, சி++ மொழியில் பொது வேர் என ஒன்று கட்டாயமில்லை. 1989இல் வெளிவந்த அதன் 2.0 பதிப்பு, ஒரு வகுப்பு பல மேல்வகுப்புகளைக் கொள்ளவும் இடமளித்தது. எனவே மொழிக்கு மொழி வடிவம் வேறுபட்டே வந்துள்ளது. ஜாவாவின் வகுப்பு அமைப்பு மரம்; சி++ மொழியினது, பல மேல்வகுப்புகள் புகும் இடங்களில் மரமும் அன்று.

2. மரம் தரும் பயன்

மர வடிவம் நிலைபெற்றதற்குத் தக்க காரணங்கள் உள. மரத்தில் எந்தக் கணுவிலிருந்தும் வேருக்குச் செல்லும் பாதை ஒன்றே. ஒரு பொருளிடம் ஒரு செயற்கூறு கோரப்படும்போது, அதன் வகுப்பில் அது இல்லையேல் மேல்வகுப்பிலும், அங்கும் இல்லையேல் அதன் மேல்வகுப்பிலும் தேடப்படும். பாதை ஒன்றேயாதலின் தேடலில் ஐயத்திற்கு இடமில்லை. முதலில் கிடைத்ததே விடையாகும்.

இத்தேடல் கீழிருந்து மேல்நோக்கியே நிகழ்கிறது என்பது கருதத்தக்கது. படத்தில் வேரிலிருந்து கிளைகள் விரிவதாகத் தோன்றினும், நினைவகத்தில் சுட்டுகள் எதிர்த்திசையில் உள்ளன. ஜாவாவில் ஒரு வகுப்பிடம் 'நின் மேல்வகுப்பு யாது' என வினவலாம்; 'நின் கீழ்வகுப்புகள் யாவை' எனப் பொதுவாக வினவ இயலாது. யூ.எம்.எல். வரைபடத்தில் வெற்று முக்கோண முனை கொண்ட அம்பு கீழ்வகுப்பிலிருந்து மேல்வகுப்பை நோக்கி வரையப்படுவதும் இதனாலேயே பொருந்துகிறது. வழங்குபவர் வழங்கியதை அறியார், பெறுபவரே அறிவர்.

மரத்தின் மற்றொரு பயன் எண்ணிடல் ஆகும். பெயர்ச்சொல்லைத் திணை, பால் அடிப்படையில் எட்டு வகுப்புகள் கொண்ட மரமாகக் கொள்ளலாம். வேரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கணுவிலும் நுழையும்போது ஓர் எண்ணும் வெளியேறும்போது ஓர் எண்ணும் இட்டால் பின்வருமாறு அமையும்:

பெயர் (1, 16)
உயர்திணைப்பெயர் (2, 9)
ஆண்பால் (3, 4), பெண்பால் (5, 6), பலர்பால் (7, 8)
அஃறிணைப்பெயர் (10, 15)
ஒன்றன்பால் (11, 12), பலவின்பால் (13, 14)

பெண்பால் உயர்திணையைச் சார்ந்ததா என அறிய மரத்தில் ஏறிச் செல்ல வேண்டியதில்லை. 5, 6 ஆகிய எண்கள் 2க்கும் 9க்கும் இடையில் அடங்குகின்றன, ஆகவே சார்ந்தது. 10க்கும் 15க்கும் இடையில் அடங்கவில்லை. ஆகவே அஃறிணையைச் சார்ந்ததன்று. இரண்டே ஒப்பீடுகளில் விடை கிடைக்கிறது. மரம் எத்துணை ஆழமாயினும் இவ்வேலை கூடுவதில்லை. வகைப்பாடு மெய்யாகவே மரமாக அமைந்த இடத்தில் இதனினும் சிக்கனமான எழுத்துமுறையைக் காண்பது அரிது.

3. மரபியல் காட்டும் சங்கிலி

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கிறது. ஓரறிவுயிர் உடம்பால் மட்டும் உணர்வது. அதனோடு நாவும், பின் மூக்கும், கண்ணும், செவியும், மனமும் ஒவ்வொன்றாகக் கூடிச் செல்கின்றன. புல்லும் மரமும் ஓரறிவுயிர். நத்தை ஈரறிவும், எறும்பு மூவறிவும், நண்டு நான்கறிவும் உடையவை. விலங்குகள் ஐயறிவுடையன, மக்கள் ஆறறிவுடையர். ஒவ்வொரு நிலையும் முந்திய நிலையின் அறிவுகளை முழுமையாகப் பெற்று ஒன்றைக் கூட்டிக்கொள்கிறது. மரபுரிமத்திற்கு இதனினும் பொருத்தமான சான்று இல்லை என்றே முதல் நோக்கில் தோன்றும்.

இவ்விடத்தில் இரு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, இதனைக் கொண்டு தொல்காப்பியர் பொருள்நோக்கு நிரலாக்கத்தை முன்னறிந்தார் எனக் கூறுவது ஆய்வு நெறி ஆகாது. வகைப்பாடு மாந்த இனத்திற்குப் பொதுவான தொழில். அரிஸ்டாட்டிலின் வகைமைக் கருத்தை விளக்கிய போர்பிரியின் பெயராலும் ஒரு மரம் வழங்குகிறது. ஒற்றுமை கண்டு உரிமை கோருவதை விடுத்து, வேற்றுமை கண்டு தெளிவதே பயனுடையது.

இரண்டாவது எச்சரிக்கை கட்டமைப்பு சார்ந்தது. மரபியலின் ஆறு நிலைகளை மேல்வகுப்பு – கீழ்வகுப்பு என அடுக்கினால், எறும்பு நத்தையின் கீழ்வகுப்பாகும். நத்தையின் புலன்கள் அனைத்தும் எறும்புக்கு உண்டு. அவற்றோடு மோப்பமும் உண்டு. ஆயினும் எறும்பு ஒரு வகை நத்தை அன்று. தொல்காப்பியரும் அவ்வாறு கூறவில்லை. ஒவ்வொரு நிலையிலும் சிலவற்றைப் பெயர் சுட்டி, அவற்றோடு ஒத்த பிறவற்றைக் 'கிளை' என்னும் சொல்லால் அந்நிலைக்குள்ளேயே அடக்குகிறார். கிளை என்பது மரக்கொம்பையும் சுற்றத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல். சிதலும் எறும்பும் ஒரு நிலையில் நிற்கும் கிளைகள். எறும்புக்கும் நத்தைக்கும் இடையே உள்ளது கிளையுறவு அன்று. அது எண்ணிக்கை உறவு. நிலைகள் சங்கிலியாகவும், நிலைக்குள் உயிர்கள் கிளைகளாகவும் அமைந்த இவ்வமைப்பில் இரு வேறு உறவுகள் தெளிவாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன.

நிரலாக்கத்தில் இவ்விரண்டும் குழம்பியதன் விளைவை ஜாவாவின் நூலகத்திலேயே காணலாம். அடுக்குத் தரவமைப்பைக் குறிக்கும் 'ஸ்டேக்' வகுப்பு, வரிசைப் பட்டியலைக் குறிக்கும் 'வெக்டர்' வகுப்பின் கீழ்வகுப்பாக அமைக்கப்பட்டது. வெக்டரின் செயற்கூறுகள் பயன்படும் என்பதே இதனால் விளையும் நன்மை. ஆனால் அடுக்கின் இலக்கணம், இறுதியில் வைத்ததை முதலில் எடுப்பதாகும். வெக்டரிடமிருந்து பெற்ற உரிமையால், ஸ்டேக்கின் நடுவிலும் ஓர் உறுப்பைச் செருகலாம், நடுவிலிருந்து நீக்கலாம். அடுக்கு தன் இலக்கணத்தை இழக்கிறது. அம்மொழியின் ஆவணமே பின்னர் வேறோர் அமைப்பைப் பயன்படுத்துமாறு பரிந்துரைக்கிறது. இது எறும்பை நத்தையின் கீழ் வைத்த பிழையே ஆகும்.

பார்பரா லிஸ்கோவ் 1987இல் முன்வைத்து, பின்னர் ஜெனட் விங்குடன் இணைந்து 1994இல் விரித்துரைத்த கொள்கை இதற்கு அளவுகோல் தருகிறது. மேல்வகுப்பின் பொருள் எதிர்பார்க்கப்படும் இடத்தில் கீழ்வகுப்பின் பொருளை வைத்தாலும் நிரலின் ஒழுங்கு கெடலாகாது என்பது அதன் சாரம். தமிழில் இச்சோதனையை இரு தொடர்களால் செய்யலாம். 'இது அதன் வகை' என்னும் தொடர் மெய்யாயின் மரபுரிமம் தகும். 'இது அதனை உடையது' என்பதே மெய்யாயின் சேர்க்கை தகும். எறும்பு நத்தையின் வகை என்பது பொய். எறும்பு மூன்று புலன்களை உடையது என்பது மெய். ஆகவே புலன்கள் எறும்பின் உறுப்புகளாக வைக்கப்பட வேண்டுமேயன்றி மேல்வகுப்பிலிருந்து பெறப்பட வேண்டியதில்லை. ஆறாம் வேற்றுமையின் உடைமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை எனப் பிரிக்கும் இலக்கண மரபு இங்குத் துணைநிற்கிறது. யூ.எம்.எல். வரைபடமும் உடைமையை, முழுமையோடு அழியும் உறுப்பென்றும் தனித்து நிற்கவல்ல உறுப்பென்றும் இரண்டாகப் பிரிக்கிறது. இவ்விரு பாகுபாடுகளும் முற்றும் ஒன்றல்ல. எனினும் உடைமை ஒருதன்மைத்து அன்று என்னும் அறிவு இரண்டிலும் உள்ளது.

4. மரத்தில் அடங்காத பெயர்கள்

மேற்காட்டிய எண்ணிட்ட மரத்தில் 'தாய்' என்னும் சொல்லை வைக்க முயன்றால் சிக்கல் எழுகிறது. 'தாய் தன் மகனை அழைத்தாள்' என்பதில் அது உயர்திணை. 'கன்றை ஈன்ற தாய் அதனை நக்கியது' என்பதில் அஃறிணை. தொல்காப்பியப் பெயரியல், பெயர்களை உயர்திணைக்கு உரியன, அஃறிணைக்கு உரியன, இரண்டிற்கும் ஒப்ப உரியன என மூன்றாக வகுக்கிறது. மூன்றாவது வகையே விரவுப்பெயர். முறைப்பெயர்கள் இதனுள் அடங்கும்.

தாய் இரு திணைக்கும் உரியதாயின், அதன் எண்கள் 2க்கும் 9க்கும் இடையிலும் இருத்தல் வேண்டும். 10க்கும் 15க்கும் இடையிலும் இருத்தல் வேண்டும். இது கணக்கின்படி இயலாது. மரத்தின் எந்த இரு கணுக்களை எடுத்தாலும், அவற்றின் இடைவெளிகள் ஒன்றனுள் ஒன்று அடங்கும் அல்லது முற்றும் விலகி நிற்கும். ஒரு பகுதி மட்டும் பொதுவாதல் மரத்தில் இல்லை. விரவுதல் என்பதோ பொதுவாதலே. ஆகவே தூய மர வடிவில் அமைந்த பிழைதிருத்தி ஒன்று தாயை உயர்திணைக் கிளையில் வைக்குமாயின், இரண்டாம் தொடரைப் பிழையெனச் சுட்டியே தீரும். பிழை தொடரில் இல்லை; அதனைச் சோதிக்கும் வடிவத்தில் உள்ளது.

இச்சிக்கலுக்குத் தீர்வும் இலக்கணத்திலேயே உள்ளது. விரவுப்பெயரின் திணை அதனைக் கொண்டு முடியும் வினையால் தெளிவாகிறது. அதாவது, அச்சொல்லளவில் திணை என்பது சொல்லுக்குள் நிலைத்த வகுப்பு அன்று. தொடரில் பெறப்படும் பண்பு. அவ்வாறாயின் உயர்திணைப்பெயர், அஃறிணைப்பெயர் எனக் கீழ்வகுப்புகளைப் பிரிப்பதினும், பெயர் என்னும் ஒரே வகுப்பில் திணை என்னும் மாறியை வைத்து, அதற்கு ஏற்புடைய மதிப்புகளின் தொகுதியைத் தருவதே பொருந்தும். மரத்தின் கிளை ஒன்று இங்கு மாறியாக மடங்குகிறது.

வினையாலணையும் பெயர் இதனினும் கடினமான சான்று. 'பாடலைப் பாடியவனுக்கு' என்னும் தொடரில் 'பாடியவனுக்கு' என்பது இறந்தகாலம் காட்டுகிறது. 'பாடலை' என்னும் செயப்படுபொருளையும் கொள்கிறது. இவை வினையின் இயல்புகள். அதே சொல் நான்காம் வேற்றுமை உருபை ஏற்கிறது. இது பெயரின் இயல்பு. எனவே இச்சொல்வகை, பெயர், வினை ஆகிய இரண்டின் கீழும் வர வேண்டும். அவ்விரண்டும் சொல் என்னும் வகுப்பின் கீழ் வருவன. மேலே ஒரு கணு, நடுவில் இரண்டு, கீழே ஒன்று என அமையும் இவ்வடிவம் சாய்சதுரம் எனப்படுகிறது. இங்குக் கீழ்க்கணுவிலிருந்து வேருக்குப் பாதைகள் இரண்டு.

இச்சாய்சதுரத்தை மொழிகள் வெவ்வேறாக எதிர்கொள்கின்றன. ஜாவா வகுப்பளவில் இதனை மறுத்துவிடுகிறது. பெயர், வினை இரண்டில் ஒன்றை வகுப்பாகவும் மற்றதை இடைமுகமாகவும் அமைக்கச் செய்கிறது. இலக்கணத்தில் ஒப்புரிமை உடைய இரண்டனுள் ஒன்று இவ்வாறு இரண்டாம் நிலைக்குத் தள்ளப்படுகிறது. சி++ மொழி இதனை ஏற்கிறது. ஆயினும் தனியே அறிவுறுத்தாவிடின் சொல் என்னும் பகுதி ஒரே பொருளினுள் இருமுறை அமைந்துவிடும். அதனைத் தவிர்க்க, பெயரும் வினையும் சொல்லிலிருந்து தருவிக்கப்படும்போதே மெய்நிகர் அடிப்படை என அறிவித்தல் வேண்டும்.

பைத்தான் சாய்சதுரத்தை ஒரு வரிசையாக நீட்டுகிறது. அதன் பழைய தேடல்முறையின்படி, ஒரு கிளையில் வேர்வரை ஏறிய பின்னரே மறுகிளைக்குச் செல்லும். வரிசை வினையாலணையும் பெயர், பெயர், சொல், வினை என அமையும். சொல் வகுப்பில் பொதுவாக எழுதப்பட்ட ஒரு செயற்கூற்றை வினை வகுப்பு தனக்கேற்பத் திருத்தியிருந்தாலும், தேடல் முதலில் சொல்லைச் சந்திப்பதால் அத்திருத்தம் மறைந்துபோகும். 2003இல் வெளிவந்த பைத்தான் 2.3 பதிப்பு முதல், டிலன் மொழிக்கென 1996இல் முன்வைக்கப்பட்ட சி3 என்னும் வரிசையாக்க முறை பின்பற்றப்படுகிறது. அதன்படி வரிசை வினையாலணையும் பெயர், பெயர், வினை, சொல் என மாறுகிறது. கீழ்வகுப்பு எப்போதும் தன் மேல்வகுப்புக்கு முன் நிற்கும் என்பது இதன் சிறப்பு. எனினும் பெயருக்கும் வினைக்கும் இடையே யார் முந்துவர் என்பதை நிரலர் எழுதிய வரிசையே முடிவு செய்கிறது. ஆகவே மூன்று மொழிகளிலும் முடிவு நிரலரின் கையிலேயே உள்ளது. வடிவம் அதனைத் தானாகத் தருவதில்லை.

5. கலைச்சொற்கள் மறைப்பன

தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினிப் பாடநூல் 'இனக்குழு', 'மரபுரிமம்', 'அடிப்படை இனக்குழு', 'தருவிக்கப்பட்ட இனக்குழு' ஆகிய சொற்களை வழங்குகிறது. இவற்றுள் இறுதி இரண்டும் குடும்ப உருவகத்தைத் தவிர்த்து, உறவை நடுநிலையாகச் சுட்டுவதால் பாராட்டத்தக்கன. இனக்குழு என்பது சமூகவியலில் மக்கள் கூட்டத்தைக் குறித்து நிலைபெற்ற சொல். ஒரே குருதி வழியினர் என்னும் பொருட்சாயலை அது வகுப்புக்கும் ஏற்றுகிறது. வகுப்பு என்னும் சொல்லுக்கும் சமூகச் சாயல் உண்டெனினும், 'வகு' என்னும் வினையடி வகுப்பவர் ஒருவர் உளர் என்பதை நினைவூட்டுகிறது. வகைப்பாடு இயற்கையில் கிடப்பதன்று, வகுப்பவரின் நோக்கால் அமைவது என்னும் தெளிவு அச்சொல்லில் உள்ளது. இக்கட்டுரை அதனை எடுத்தாள்வதற்குக் காரணம் இதுவே.

மரபுரிமம் என்பதிலுள்ள 'உரிமம்', இக்கால வழக்கில் அரசு வழங்கும் ஒப்புதலைக் குறிக்கிறது. ஓட்டுநர் உரிமம், கட்டட உரிமம் என்பன சான்று. உரிமை எனக் கொண்டாலும் சொத்துரிமையின் நிழல் படிகிறது. சொத்து மக்களிடையே பங்கிடப்படும், கொடுத்தவரிடம் மீள்வதில்லை. வகுப்பிலோ எத்தனை கீழ்வகுப்புகள் இருப்பினும் ஒவ்வொன்றும் முழுமையாகப் பெறும்; மேல்வகுப்பு எதனையும் இழப்பதில்லை. மேலும் மேல்வகுப்பில் பின்னர் செய்யப்படும் மாற்றம் கீழ்வகுப்புகள் அனைத்தையும் தாக்கும். பாகம் பிரித்த பின் தந்தை செய்யும் மாற்றம் மக்களின் பங்கை மாற்றுவதில்லை.

தாய் – சேய் உருவகத்தின் குறை வேறுவகைப்பட்டது. ஒருவர்க்குப் பெற்றோர் இருவர். ஆகவே மெய்யான குருதிவழி ஒருபோதும் மரமாக அமையாது. தந்தை பெயரை மட்டும் எழுதி, தாயின் வழியை விடுக்கும் கொடிவழிப் பட்டியலே மரமாகும். ஒற்றை மேல்வகுப்பு விதி இத்தகைய பட்டியலையே ஒத்தது. அதன் ஒழுங்கு, ஒன்றை எழுதாமல் விட்டதால் பெற்ற ஒழுங்கு ஆகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படுவன வருமாறு. மர வடிவம் தேடலில் ஐயமின்மையையும், உறவுச் சோதனையில் விரைவையும் தருகிறது. ஆயின் அது எல்லா வகைப்பாட்டுக்கும் பொருந்துவதன்று. பண்புகள் கூடிச் செல்வது மட்டும் வகையுறவு ஆகாது என்பதை மரபியலின் சங்கிலி காட்டுகிறது. வகைகள் தம்முள் விரவும் என்பதைத் 'தாய்' காட்டுகிறது. ஒரு வகை இரண்டன் இயல்பையும் ஒப்ப ஏற்கும் என்பதைப் 'பாடியவன்' காட்டுகிறது.

2009இல் அறிமுகமான கோ, 2015இல் முதல் நிலைத்த பதிப்பைக் கண்ட ரஸ்ட் ஆகிய மொழிகள் வகுப்பு மரபுரிமத்தையே விடுத்துச் சேர்க்கையையும் இடைமுக வகைப் பொதுமையையும் மேற்கொண்டுள்ளன. இதனால் மரம் வழக்கிழந்தது எனக் கூற இயலாது. அது தெரிவுகளுள் ஒன்றாகத் தன் இடத்திற்குத் திரும்பியுள்ளது எனலாம். தமிழ்ச் சொல்வகைகளைக் கணினிக்கு எழுதுவோர், வகுப்புகளை வரையுமுன் ஒவ்வோர் உறவையும் 'வகை', 'உடைமை', 'விரவல்' என்னும் மூன்றனுள் எதனுள் அடங்குவது எனச் சோதித்தல் வேண்டும். வகையெனத் தெளிந்தவை மரத்தில் நிற்கட்டும், உடைமை உறுப்பாகட்டும், விரவுவன மதிப்புத் தொகுதிகளாகட்டும். தொல்காப்பியர் விரவுப்பெயருக்குத் தனி இடம் அமைத்தாரேயன்றி, அதனை இரு திணைகளுள் ஒன்றில் வலிந்து அடக்கவில்லை. தரவமைப்பைத் தேர்வோர்க்கும் அந்நெறி உகந்ததே.